மறுதரவுப் பத்து

1

போன சித்திரையில் ஒதியம்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது சித்தி பொண்ணு போனில் ஒரு ரீல் காட்டினாள். அந்தமான், ஹேவ்லாக் தீவு. வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, நாலு கழி நட்டு வெள்ளைத் துணி கட்டிய பந்தல். பந்தலுக்குக் கீழே ஒரு பையனும் பொண்ணும். சுற்றிலும் யாருமில்லை. படம் எடுக்கிறவர் மட்டும் இருக்கிறார், அவரும் படத்தில் இல்லை. கீழே 'ஐலண்ட் எலோப்மெண்ட் பேக்கேஜ்' என்று எழுதி, அதற்குள் என்னென்ன அடக்கம் என்று ஒரு பட்டியல்: படகு, ரூம், பூ, மேக்கப், கேக், போட்டோ ஆல்பம். கடைசியில் ரிட்டர்ன் டிக்கெட்.

பக்கத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்த ஆயா கேட்டாள். "இன்னாடி அது?"

"ஓடிப்போயி கல்யாணம் பண்ணிக்கிறது ஆயா. அதுக்குன்னே கம்பெனி இருக்குது. பணம் கட்டுனா எல்லா ஏற்பாடும் அவங்களே பண்ணிக் குடுப்பாங்க."

"அவங்க வூட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும். சில பேருக்கு அப்பா அம்மாவே பணம் கட்டுவாங்க."

ஆயா புளியை ஆய்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். "அப்புறம் இன்னாத்துக்கு ஓடணும்?"

சித்தி பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓடிப்போவதற்கு யார் திட்டம் போடுகிறார்கள், எதற்கெல்லாம் போடுகிறார்கள், எதற்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள் என்று பழைய பாட்டுகளையும் நாம் பார்த்து வளர்ந்த படங்களையும் திரும்பப் புரட்ட ஆரம்பித்தேன். அந்தப் புரட்டலில் வந்ததுதான் இது.

முதலில் அந்தத் தீவுக் கல்யாணத்துக்கு நியாயம் சொல்லிவிடுகிறேன். எலோப்மெண்ட் என்ற சொல்லுக்கு இங்கிலீஷிலும் வீட்டுக்குத் தெரியாமல் ஓடுவது என்றுதான் அர்த்தம் இருந்தது. இப்போது கல்யாணத் தொழிலில் அதற்கு 'விருந்தாளி இல்லாத சின்னக் கல்யாணம்' என்று பொருள் மாறிவிட்டது. மண்டபம், பேனர், ஆயிரம் பேருக்குப் பிரியாணி, மொய் நோட்டு எல்லாவற்றையும் பார்த்துச் சலித்த ஒருவர், இதெதுவும் வேண்டாம், நாங்கள் ரெண்டு பேர் போதும் என்று நினைப்பதில் தப்பில்லை. எனக்கே அந்த ஆசை உண்டு. சங்கடமெல்லாம் அந்தச் சொல்லில்தான். ஓட்டத்தில் இருந்த பயத்தை உருவி எடுத்துவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பயம் அப்படியே இருக்கிறது.

2

நம்மிடம் இதற்கு உடன்போக்கு என்று பெயர். தொல்காப்பியம் கொண்டுதலைக்கழிதல் என்கிறது. கல்லூரியில் எங்களுக்கு இதை நடத்தியபோது வகுப்பு முழுக்கக் கண்கள் விரிந்தன. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஓடிப்போயிருக்காங்களா! அந்த ஆச்சரியத்திலேயே பாடம் முடிந்துபோனது. இன்றைக்கும் உடன்போக்கு பற்றி எழுதுகிற பலர் அந்த ஆச்சரியத்தைத் தாண்டுவதில்லை. தமிழர் காதலைக் கொண்டாடியவர்கள், பாருங்கள் எவ்வளவு சுதந்திரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டுகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அவை ஓடுவதைப் பாடுகிற அளவுக்கு ஏற்பாட்டையும் பாடுகின்றன.

ஏற்பாட்டுக்குப் பொறுப்பு தோழி. வீட்டில் காவல் கூடிவிட்டது, வேறு இடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள், இனி தாமதிக்க முடியாது என்று தலைவனிடம் சொல்பவள் அவள். போகிறாயா என்று தலைவியிடம் கேட்பவள் அவள். எந்நேரம் கிளம்புவது என்று முடிவுசெய்து, வழியனுப்பி, மறுநாள் விடிந்ததும் செவிலியின் முன்னால் நின்று திட்டு வாங்குபவளும் அவளே. காதலர்கள் போய்விடுகிறார்கள். தோழி அதே தெருவில் இருக்க வேண்டும். உடன்போக்கின் முழு விலையையும் ஊருக்குள் இருந்து கட்டுகிறவள் அவள்தான்.

அடுத்து வழி. குறுந்தொகையின் ஏழாவது பாட்டில், பெரும்பதுமனார் பாடியது, எதிரே வருகிறவர்கள் ஒரு ஜோடியைப் பார்க்கிறார்கள். முகத்தைவிடக் காலைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். அவன் காலில் கழல், அவள் காலில் இன்னும் சிலம்பு. கல்யாணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றுகிற சடங்கு ஒன்று உண்டு, அதற்குச் சிலம்புகழி நோன்பு என்று பெயர். சிலம்பு காலில் இருக்கிறது என்றால் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வழிப்போக்கர்கள் ஒரு பார்வையில் அதைப் படித்துவிடுகிறார்கள். படித்துவிட்டு இரக்கப்படுகிறார்கள், யாருக்கும் தகவல் சொல்ல ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டில் பையோடு நிற்கிற ஒரு ஜோடியை இன்றைக்கு நம் ஆட்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் அந்தப் பாட்டின் மென்மை உறைக்கும்.

நற்றிணையில் இன்னொரு இடம். பாலை வழியில் தலைவன் தலைவியிடம் சொல்கிறான்: வேறு யாராவது சண்டைக்கு வந்தால் எதிர்த்து நின்று விரட்டுவேன், உன் வீட்டார் தேடி வந்தால் ஒளிந்துகொள்வேன். மதுரை மருதன் இளநாகனார் பாடியது. முதல் தடவை படித்தபோது இவன் என்ன ஹீரோ என்று தோன்றியது. நாம் பார்த்த படங்களில் மச்சானை அடித்துத் தூக்கிப் போடுவதுதானே கிளைமாக்ஸ்? பிறகு புரிந்தது. அவளுடைய அண்ணன் தம்பியை அடித்துவிட்டால் நாளைக்கு அந்த வீட்டு வாசலில் இவன் எப்படி நிற்பான்? அவளால் எப்படி நிற்க முடியும்? போகும்போதே திரும்பி வருவதற்கு வழி வைத்துக்கொண்டு போகிறான். திட்டமிடுவது என்றால் இதுதான்.

இந்த யோசனை முழுதாக விரிகிற இடம் ஐங்குறுநூறு. அதில் நாலாவது நூறு பாலை, ஓதலாந்தையார் பாடியது. அதன் கடைசி மூன்று பத்துகளையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். முப்பத்தெட்டாவது பத்தில் மகள் போய்விட்டாள் என்று தாய் அழுகிறாள். முப்பத்தொன்பதாவது பத்து, வழியில் பேசுகிற பேச்சு. அதில் தலைவி, தன் ஊர்ப்பக்கம் போகிற அந்தணர்களை நிறுத்தி, தன் தோழியருக்குச் சேதி சொல்லி அனுப்புகிறாள். இந்தக் காலத்தில் பாதி வழியில் லொக்கேஷன் அனுப்புவது மாதிரி. நாற்பதாவது பத்துக்குப் பெயர் மறுதரவுப் பத்து. மறுதரவு என்றால் திரும்பி வருதல்.

திரும்பி வருவதற்கு என்று ஒரு தனிப் பத்து இருக்கிறது என்பதையே நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். யாரும் எனக்கு நடத்தவில்லை. அதில் 399ஆவது பாட்டு. தலைவன் அவளைத் தன் ஊருக்கு அழைத்துப்போய்ச் சிலம்புகழி நோன்பை அங்கே நடத்தப்போகிறான் என்ற சேதி பெண்ணைப் பெற்றவளுக்கு வருகிறது. அவள் என்ன சொல்கிறாள்? சிலம்பு கழற்றுவதை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தலாமே என்று அவனைப் பெற்றவளிடம் யாராவது எடுத்துச் சொன்னால் என்ன, என்கிறாள்.

இருபது பாட்டுக்கு முன்னால் அழுது புரண்டவள் இப்போது சம்பந்தியம்மாவிடம் இடம் பேசுகிறாள். அந்தப் பாட்டில் புரட்சியோ கண்ணீரோ கிடையாது. ஒரு நிகழ்ச்சி உனக்கு, ஒரு நிகழ்ச்சி எனக்கு. நம் தெருவில் எந்தக் கல்யாணத்திலும் கேட்கிற பேரம்தான். ஆனால் ஓடிப்போன மகள் விஷயத்தில் இந்தப் பேரம் நடக்கிறது என்பதில் இருக்கிறது எல்லாமே. உடன்போக்கு அந்தக் கவிதை உலகத்தில் உறவை அறுப்பதில்லை. பேச்சு நின்றுபோன இடத்திலிருந்து மறுபடி பேச்சைத் தொடங்க வைக்கிற வழி அது. தொல்காப்பியமும் கற்பியலில் இதற்கு இடம் விட்டிருக்கிறது. கொடுக்கிறவர் இல்லாமலும் சடங்கு உண்டு, இருவரும் உடன்போன நேரத்தில்.

உடனே பொற்காலம் என்று கிளம்பிவிட வேண்டாம். இவை வாழ்க்கைக் குறிப்புகள் இல்லை, புலவர்கள் வகுத்துக்கொண்ட மரபு. அந்த மரபிலும் கசப்பு உண்டு. கலித்தொகையின் ஒன்பதாவது பாட்டில், தேடிப்போகிற செவிலிக்கு எதிரே வருகிற முக்கோல் ஏந்திய அந்தணர்கள் சமாதானம் சொல்கிறார்கள்: சந்தனத்தால் மலைக்கு என்ன பயன், முத்தால் கடலுக்கு என்ன பயன், இசையால் யாழுக்கு என்ன பயன், உங்கள் மகளும் அப்படித்தான். எல்லோரும் ரசிக்கிற பாட்டு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஆறுதலில் அவள் கை மாறுகிற ஒரு பொருளாகத்தான் இருக்கிறாள், பூசிக்கொள்கிறவருக்குச் சந்தனம், அணிந்துகொள்கிறவருக்கு முத்து. போவது அவள் முடிவு என்பதை அந்தப் பெரியவர்கள் சொல்லவில்லை. மறுதரவுப் பத்தின் தாய் அந்த அளவு தத்துவம் பேசுவதில்லை. தேதியும் இடமும் பேசுகிறாள். அதனாலேயே அவள் எனக்கு நெருக்கமாக இருக்கிறாள்.

3

இனி சினிமா. நம் தலைமுறைக்கு ஓடிப்போவதைச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறேன். 'அலைபாயுதே' (2000), 'காதல்' (2004), 'நாடோடிகள்' (2009). மூன்றும் வேறு வேறு உலகம். ஆனால் மூன்றிலும் ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள். தோழி.

பாலாஜி சக்திவேலின் 'காதல்' ஏற்பாட்டை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிற படம். மதுரையில் டூவீலர் மெக்கானிக் முருகனும், பள்ளிக்கூடப் பொண்ணு ஐஸ்வர்யாவும் சென்னைக்கு ஓடிவருகிறார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே விலாசம் நண்பன் தங்கியிருக்கிற மேன்ஷன். அங்கே பெண்களுக்கு இடமில்லை. ராத்திரி எங்கே படுப்பது, வீடு யார் கொடுப்பார், தாலி யார் வாங்குவது என்று படத்தின் இரண்டாம் பாதி ஓடுகிறது. காதலுக்குக் கவிதை போதும், ஓடிப்போவதற்கு அட்வான்ஸ் பணம் வேண்டும் என்று அந்தப் படம் அளவுக்கு யாரும் சொல்லவில்லை. மேன்ஷன் பையன்கள் கூடி நின்று கல்யாணம் பண்ணிவைக்கிற காட்சியில் தொண்டை அடைக்கும். ஆனால் இன்று திரும்பப் பார்க்கையில் எனக்கு உறுத்துவது வேறு. அவள் சீருடை போட்ட வயசு. அவளைக் கேட்டு, யோசிச்சியா, பரீட்சை என்னாகிறது, பிரச்சினையானா யாருக்குப் போன் பண்ணுவ என்று சொல்ல ஒருத்தி இல்லை. ஏற்பாடு முழுக்க ஆண்கள் கையில். சித்தப்பா வந்து இனிக்க இனிக்கப் பேசி ஊருக்குக் கூட்டிப்போகும்போதும் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்தத் திரும்புதல் மறுதரவு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. பிறகு நடப்பது நமக்குத் தெரியும்.

சமுத்திரக்கனியின் 'நாடோடிகள்' தோழியின் வேலையை நண்பர்கள் மூவருக்குக் கொடுக்கிறது. காதலர்களைச் சேர்த்துவைக்கப் போய் ஒருவன் காலை இழக்கிறான், ஒருவனுக்குக் காது போகிறது, மூன்றாமவன் வாழ்க்கையும் குலைகிறது. ஊருக்குள் இருந்து விலை கட்டுகிறவர்கள் கதை என்ற அளவில் அது சங்கப் பாட்டின் தோழிக்கு நியாயம் செய்த படம் என்றே சொல்வேன். ஆனால் அந்தக் காதலர்கள் கொஞ்ச நாளில் பிரிந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் படம் கோபத்தைக் காதலர்கள் மேல் திருப்புகிறது. நாங்க கால் குடுத்தோம், நீங்க எப்படிப் பிரியலாம்? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உதவி செய்ததற்காக ஒரு பெண் ஆயுசு முழுக்க அவனோடேயே இருக்க வேண்டும் என்றால், அப்பனிடமிருந்து காப்பாற்றி நண்பர்களிடம் ஒப்படைத்தது போல ஆகிவிடுகிறது. திரும்பி வருகிற உரிமை அவளுக்கு அங்கேயும் கிடையாது.

மணிரத்னத்தின் 'அலைபாயுதே'தான் நம்மில் பலருக்குக் கனவுத் திட்டம். கோயிலில் ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டு, சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய் ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிடுவது. யோசித்துப் பார்த்தால் இதுவும் ரிட்டர்ன் டிக்கெட்டோடு கூடிய ஓட்டம். விஷயம் வெளியே வந்ததும் வீட்டில் கத்துகிறார்கள், வெளியே போகச் சொல்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கட்டி முடிக்காத ஒரு பில்டிங்கில் குடித்தனம் ஆரம்பிக்கிறது. அந்த உலகத்தில் மிகப் பெரிய ஆபத்து புருஷன் பொண்டாட்டி சண்டைதான்.

அதே திட்டத்தை, படம் வந்து மூன்று வருஷம் கழித்து, எங்களுக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் இரண்டு பேர் நிஜமாகச் செய்தார்கள். விருத்தாசலம் பக்கத்து முருகேசனும் கண்ணகியும். முருகேசன் தலித், இன்ஜினியரிங் படித்தவர். கண்ணகி ஆதிக்க சாதிப் பெண். 2003 மே மாதம் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். பிறகு கண்ணகியை வெளியூரில் உறவினர் வீட்டில் பாதுகாப்பாக வைத்தார் முருகேசன். இருவரையும் தேடிப் பிடித்துத் திரும்ப ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். தீர்ப்பு வர 18 வருஷம் ஆயிற்று.

கேட்டுப் பாருங்கள், திட்டத்தில் என்ன குறை? வயது இருந்தது, படிப்பு இருந்தது, பதிவு இருந்தது, மறைவிடமும் இருந்தது. மறுதரவு என்ற சொல் மட்டும் கொலைக்களத்துக்குக் கூட்டிவருவது என்று பொருள் மாறிவிட்டிருந்தது. எலோப்மெண்ட் என்ற சொல் அவர்கள் ஊரில் மாறியதற்கும், நம் ஊரில் இந்தச் சொல் மாறியதற்கும் உள்ள தூரத்தை அளந்தால் ஆயாவின் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

4

தீவு என்று ஆரம்பித்தோம். நம் காப்பியத்திலும் ஒரு பெண் தீவுக்குப் போகிறாள். அது காதலிலிருந்து தப்பிக்க. உதயகுமரன் துரத்துகிறான் என்று மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தூக்கத்திலேயே மணிபல்லவத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. வைத்துவிட்டு மூன்று மந்திரங்கள் சொல்லிக்கொடுக்கிறது. ஒன்று வேறு உருவம் எடுக்க, ஒன்று பசிக்காமல் இருக்க, ஒன்று வானத்தில் பறக்க. அவள் பறந்தே புகாருக்குத் திரும்பி வருகிறாள். அவளுடைய ஏற்பாட்டிலும் ரிட்டர்ன் இருந்தது.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) சரோஜாவுக்கு எந்த மந்திரமும் கொடுக்கவில்லை. நாவல் தொடங்குவதே கொளுத்தும் வெயிலில் பஸ்ஸைவிட்டு இறங்கி அவள் குமரேசனோடு அவன் ஊருக்கு நடப்பதில்தான். அசல் பாலைத் திணை. ஆனால் சங்கப் பாட்டில் பாலை வழியில் இருக்கும், போய்ச் சேர்கிற இடம் குளிர்ச்சியாக இருக்கும். இங்கே பாலை ஊரில் இருக்கிறது. குமரேசன் வீடு ஒரு பாறை மேல். நிழலில்லாத, வேறு வீடில்லாத பாறை. நான் படித்த தமிழ் எழுத்தில் ஓடிப்போன ஜோடி போய்ச் சேர்ந்த தீவு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் பாறைதான். சுற்றிலும் தண்ணீருக்குப் பதிலாக ஊர்.

இந்த நாவலை எல்லோரும் சாதிக் கொடுமை பற்றிய நாவல் என்று படிக்கிறார்கள். சரிதான். தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல் அது. ஆனால் எனக்கு அது திட்டமிடத் தெரியாத ஒரு நல்லவனின் கதையாகவும் படுகிறது. குமரேசன் கெட்டவன் கிடையாது. சோடாக் கடையில் உழைக்கிறான், அவள் மேல் உயிராக இருக்கிறான். அம்மா கொஞ்ச நாள் அழுவாள், கத்துவாள், அப்புறம் சரியாகிவிடுவாள் என்று நம்புகிறான். அதாவது, ஐங்குறுநூற்றுத் தாய் தன் வீட்டில் இருக்கிறாள் என்று நம்புகிறான். மாராயி அழுகிறாள்தான். அந்த அழுகை ஒப்பாரியாகவே நிற்கிறது, பேரத்துக்கு வருவதில்லை. முப்பத்தெட்டாவது பத்திலேயே உறைந்துபோன தாய் அவள். நாற்பதுக்கு வரவே மாட்டாள் என்று குமரேசனுக்குத் தெரியவில்லை.

சரோஜாவின் சாதி என்ன என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. ஊர்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவளிடம் குமரேசன் சொல்லிக்கொடுத்த ஒரே திட்டம், கேட்டால் எதுவும் சொல்லாதே என்பது. மௌனத்தை மட்டும் கையில் கொடுத்து ஒருத்தியைப் பாறையில் விட்டுவிட்டு அவன் கடை வைக்கப் போகிறான். அவளுக்குத் தோழி கிடையாது. பேச்சுத்துணை கிடையாது. திரும்பிப் போகலாமா என்று அவள் நினைக்கிற இடங்கள் வருகின்றன. அங்கே அண்ணன் முகம் எப்படி இருக்கும் என்பதும் நினைவுக்கு வருகிறது. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. படிக்காதவர்கள் படியுங்கள். கடைசிப் பக்கங்களில் யாராவது ஒருத்தி அவளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்கப் பெண்கள் இருந்தார்கள்.

5

சரி, சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதையும் ஒரு பிரதியாகப் படிக்க வேண்டும்.

தனித் திருமணச் சட்டம், 1954. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். முப்பது நாள் ஆட்சேபனைக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு மூன்று சாட்சிகள். ஆகையால் வாரக் கடைசியில் தீவுக்குப் போய்க் கட்டிக்கொள்கிற கல்யாணம் இந்தச் சட்டப்படி செல்லாது. அந்த பேக்கேஜ் ஜோடிகள் கவலைப்பட வேண்டியதில்லை. ஊரில் பதிவு செய்துவிட்டுத் தீவில் படம் எடுத்துக்கொள்ளலாம். நோட்டீஸில் பெயர் வந்தால் அவர்களுக்கு என்ன? ஆனால் அந்த முப்பது நாள் நோட்டீஸ் பலகைதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலை வழி. யார் பார்ப்பார், யாருக்குச் சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்னொரு வழி உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணம். அண்ணா ஆட்சியில் 1967இல் இயற்றியது. ஐயர் வேண்டாம், நெருப்பு வேண்டாம். சிலர் முன்னால் மாலையோ மோதிரமோ தாலியோ மாற்றிக்கொண்டு ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னால் போதும். கொடுப்போர் இல்லாமலும் சடங்கு உண்டு என்ற தொல்காப்பிய யோசனைக்கு வெகு பக்கத்தில் வருகிறது. அதை ஊரறியச் செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. அப்படியொரு கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் மாற்றியது. வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து வருகிறவர்களிடம் ஊரைக் கூட்டச் சொல்ல முடியாது என்பது அதன் தர்க்கம். மிகச் சரியான தர்க்கம்.

ஆனால் எந்தச் சட்டத்திலும் போவதற்குத்தான் வழி எழுதியிருக்கிறது. திரும்பி வருவதற்கு எந்தப் பிரிவும் இல்லை. இருக்கவும் முடியாது. சம்பந்தி வீட்டில் பேசு என்று ஒரு தாய்க்கு எந்த நீதிபதியும் உத்தரவு போட முடியாது. அதை எழுதுவது கவிதையின், கதையின் வேலை. ஓதலாந்தையார் செய்தார். நாம் பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டத்தை எழுதுகிறோம், கொலையை எழுதுகிறோம். எழுத வேண்டியவைதான். எட்டு வருஷம் கழித்து அம்மாவுக்குப் போன் போடுகிறவளையும், எடுக்கலாமா வேண்டாமா என்று ரிங் முடியும்வரை போனையே பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாவையும் யார் எழுதுகிறோம்?

6

இவ்வளவு நேரம் தோழி எங்கே, தோழி எங்கே என்று கேட்டேன். சொல்லிவிடுகிறேன். அந்தத் தோழி நான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னோடு படித்தவள் என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டாள். சாட்சிக் கையெழுத்து. அவன் எங்கள் பக்கத்துக் காலனிப் பையன். எல்லாம் முடிவாகியிருந்தது. "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, நீ வந்து ஒரு கையெழுத்து, அவ்ளோதான்டி" என்றாள். ஆதாரில் விலாசம் இருக்கும். விலாசம் தெரிந்தால் அவள் அண்ணன்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள், அப்பாவிடம் பேசுவார்கள். எனக்கு மறுநாள் பரீட்சை என்று சொன்னேன். பரீட்சை நிஜமாகவே இருந்தது. அதைச் சொல்லித்தான் இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள்.

புதுச்சேரியே ஒரு வகையில் தீவுக்கூட்டம்தான். துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிற நிலம். பாகூர் பக்கம் பஸ்ஸில் போனால் மாநிலம் மாறி மாறி வரும், சாராயக் கடை போர்டு வைத்துத்தான் எல்லை கண்டுபிடிப்போம். ஆனால் சாதிக்கு அந்த எல்லை தெரியாது. அவர்கள் ரொம்பத் தூரம் போக வேண்டியிருந்தது.

போன வைகாசி, வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர் அது. மாட வீதி முழுக்க ஜனம். மோர்ப் பந்தலுக்குப் பின்னால் அவள் அம்மாவைப் பார்த்தேன். கையில் கட்டைப்பை. யாரையோ தேடுகிற கண். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. அவ்வளவு கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம். வருஷா வருஷம் தேரன்றைக்கு, ஒரு மணி நேரம். அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து முறுக்கு, மாங்காய் ஊறுகாய், ஒரு பழைய பட்டுப் பாவாடை எல்லாம் இடம் மாறின. அழவெல்லாம் இல்லை. நேரம் இல்லை.

அவள் அம்மாதான் என்னைக் கவனித்தாள். பயந்துபோய்விட்டாள். "இவ நம்ம பொண்ணுதாம்மா" என்று அவள் சொன்னாள். அந்த 'நம்ம' எனக்குத் தகுதியில்லாதது.

தேர் நிலைக்குத் திரும்புகிற சத்தம் கேட்டது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஆவணியில புள்ளைக்குக் காது குத்தணும்டி. எங்க சைடுல ஒருத்தராவது நிக்கணும்னு அவரு ஆசப்படுறாரு. நீ வர்றியா?"

தன் வீட்டுச் சடங்குக்கு மகள் ஆள் கேட்கிறாள். 399ஆவது பாட்டின் பேரம், இந்தத் தடவை மகள் பக்கத்திலிருந்து.

"எந்த ஊருன்னு சொல்லு, வரேன்" என்றேன்.

"ஆதாரெல்லாம் கேக்க மாட்டேன், பயப்படாத" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.